எப்போது உதறுகிறது? – ஒரு மூட்டின் கதை

யாப்பிலக்கண வகுப்பில் மாணவர்கள் பெரிதும் இடறும் இடம் தளை. சீர்கள் ஒவ்வொன்றும் தம்மளவில் குற்றமின்றி இருக்கும். ஆயினும் நின்ற சீரின் ஈற்றசையும் வரும் சீரின் முதலசையும் கூடுமிடத்தில் பொருத்தம் கெட்டால் அடியின் ஓசை முறிந்துவிடும். பிழை சீரில் இல்லை, சீர்கள் கூடுமிடத்தில் இருக்கிறது என்பதை உணர்த்துவதற்குள் அரைப்பருவம் கழிந்துவிடுகிறது. ஆண்டுதோறும் இதைப் பிறர்க்குச் சொல்லிவரும் நாம், நமது காரில் அதே வகைப் பிழை தோன்றியபோது அதைக் காணாது போனோம் என்பதைத் தொடக்கத்திலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறோம்.

நம்மிடம் இருப்பது சிறிய பழைய கார். முன்சக்கரங்களால் இயங்குவது. திருநெல்வேலிச் சந்திப்பின் ஈரடுக்கு மேம்பாலத்தில் ஏறும்போது, ஆக்சிலேட்டரைச் சற்று அழுத்தி மிதித்தால், 45 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி இடமும் வலமுமாக உதறத் தொடங்கியது. இருக்கை நடுங்கும், முன்பலகையில் வைத்த பேனா உருண்டு விழும். பாலத்தின் உச்சியைக் கடந்து காலைத் தளர்த்தினால் ஒன்றுமே நடவாதது போல் அமைதியாகிவிடும். தாயாரை வாரம் இருமுறை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருந்த காலம் அது. பின்னிருக்கையில் அமர்ந்திருக்கும் அவர், பாலம் நெருங்கும்போதே கதவின் கைப்பிடியைப் பற்றிக்கொள்வார். வழியில் நின்றுவிடுமோ என்று ஒருநாளும் வாய்திறந்து கேட்டதில்லை. அந்தக் கைப்பிடியே கேள்வியாக இருந்தது.

பட்டறை ஒன்றில் சக்கரங்களுக்கு வீல் பாலன்சிங் செய்தார்கள். பயனில்லை. முன்சக்கரங்களுக்குப் புதிய டயர் போட்டோம். பயனில்லை. வேறொரு பட்டறையில் என்ஜின் மவுண்டிங் மாற்றினார்கள். உதறல் மாறவில்லை. வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்று இல்லத்தில் முடிவாகித் தரகரிடமும் சொல்லியாகிவிட்டது. அந்நிலையில் நண்பர் ஒருவர், சாலையோரத்தில் வேப்பமர நிழலில் தொழில் செய்யும் முதிய மெக்கானிக் ஒருவரிடம் அனுப்பினார்.

"அண்ணாச்சி, வண்டி உதறுது. டயர் மாத்தியாச்சு, மவுண்டிங் மாத்தியாச்சு. எங்க கோளாறுன்னே தெரியல" என்றோம்.

அவர் பானட்டைத் திறக்கவில்லை. "எங்கன்னு நான் பாத்துக்கிடுதேன் சார். எப்ப உதறுது, அதை மட்டும் சொல்லுங்க" என்றார்.

சொன்னோம்.

"மிதிச்சா உதறுது, காலை எடுத்தா நின்னுருது. அப்படித்தான?"

"ஆமா, உடனே நின்னுருது."

"அப்ப டயர் மேல பழி போடக்கூடாது. நீங்க மிதிச்சா என்ன, விட்டா என்ன, டயருக்கு ரெண்டும் ஒண்ணுதான். உள்பக்கத்து ஜாயிண்டுல தேஞ்சிருக்கும். கழத்திப் பாப்போம்."

கழற்றிப் பார்த்தபோது அவர் சொன்னது சரியாக இருந்தது. மூன்று பட்டறைகள் 'எங்கே' என்று தேடியதை, இவர் 'எப்போது' என்ற ஒரே கேள்வியால் கண்டுபிடித்துவிட்டார். இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்குமோ என்ற ஐயம் நமக்கு அன்றிரவு எழுந்தது. தேடிப் பார்த்ததில், அவ்வரலாறு கார் பிறப்பதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியிருப்பதைக் கண்டோம்.

மைக்கூடும் தூபக்கலமும்

சுழலும் தண்டு ஒன்று தன் சுழற்சியை வேறு திசையில் சாய்ந்திருக்கும் இன்னொரு தண்டுக்கு எப்படித் தருவது? இதுவே சிக்கலின் வேர். இரு தண்டுகளின் முனைகளிலும் கவட்டை போன்ற பிளவு ஒன்றை அமைத்து, அவ்விரு கவட்டைகளுக்கும் நடுவே சிலுவை வடிவத் துண்டு ஒன்றைப் பொருத்தினால், தண்டுகள் சாய்ந்த நிலையிலும் ஒன்றையொன்று சுழற்றும். நம் ஊர்ப் பட்டறைகளில் இதனைக் 'கிராஸ்' என்றும் 'கிராஸ் ஜாயிண்ட்' என்றும் வழங்குவர். நாம் இங்கே சிலுவை மூட்டு என்று குறிப்போம்.

இதன் முன்னோடி ஒரு தொங்கல் அமைப்பு. ஒன்றினுள் ஒன்றாக அமைந்த வளையங்கள், ஒவ்வொன்றும் வெவ்வேறு அச்சில் திரும்பக்கூடியவை. நடுவில் வைத்த பொருள், வெளிவளையம் எப்படிப் புரண்டாலும் நிமிர்ந்தே இருக்கும். கி.மு. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பைசாந்தியத்து ஃபிலோன் பெயரில் வழங்கும் நூலில், எப்பக்கம் திருப்பினாலும் மை சிந்தாத மைக்கூடு ஒன்று இம்முறையில் விவரிக்கப்பட்டுள்ளது. சீனத்தில் தாங் அரசமரபுக் காலத்து வெள்ளித் தூபக்கலங்களிலும் இதே அமைப்பைக் காணலாம். உருண்டை வடிவக் கலத்தை எப்படி உருட்டினாலும் உள்ளிருக்கும் நெருப்பு சிந்தாது.

இத்தாலியக் கணித அறிஞரும் மருத்துவருமான ஜெரோலமோ கார்டானோ, 1550இல் வெளியான தம் நூலில் இத்தொங்கல் அமைப்பை விவரித்தார். அதைத் தாம் கண்டுபிடித்ததாக அவர் உரிமை கொண்டாடவில்லை. ஆயினும் பிரான்சிலும் ஜெர்மனியிலும் சிலுவை மூட்டுக்கு இன்றுவரை 'கார்டான்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. ஆங்கிலேயர் இதை ஹூக் மூட்டு என்பர். சுவீடன் நாட்டவரோ தம் நாட்டுப் பொறியாளர் போல்ஹெம் பெயரால் 'போல்ஹெம் முடிச்சு' என்பர். ஒரு சிறு மூட்டுக்கு வெவ்வேறு நாடுகள் மூன்று தந்தையரைச் சொல்கின்றன. நூலாசிரியர் யார் என்று வழக்காடும் நம் இலக்கிய உலகுக்கு இது புதியதன்று.

ஹூக் கேட்ட கேள்வி

பெயர் எவருடையதாயினும் ஆகட்டும். இம்மூட்டைப் பற்றி முதன்முதலில் சரியான கேள்வியைக் கேட்டவர் யார் என்பதே நமக்கு முக்கியம்.

1664இல் ஜெர்மானிய இயேசு சபைத் துறவியும் அறிஞருமான காஸ்பர் ஷாட், தம் நூலொன்றில் இம்மூட்டை விவரித்தார். ஒரு தண்டு எவ்வேகத்தில் சுழல்கிறதோ அதே வேகத்தில் மற்றதும் சுழலும் என்று அவர் கருதினார். அப்படித் தோன்றுவது இயல்பே. முதல் தண்டு ஒரு முழுச்சுற்றுச் சுற்றினால் இரண்டாவதும் சரியாக ஒரு முழுச்சுற்றுச் சுற்றிவிடுகிறது. கணக்கு நேராகிவிட்டது போலத் தோன்றும்.

இலண்டன் அரச கழகத்தின் சோதனைப் பொறுப்பாளரான ராபர்ட் ஹூக் (1635–1703) அந்த அளவில் நிறைவடையவில்லை. 1667க்கும் 1675க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் இம்மூட்டை ஆராய்ந்த அவர், சுற்றின் முடிவில் கணக்கு நேராவது உண்மை, ஆனால் சுற்றின் நடுவில் என்ன நிகழ்கிறது என்று கேட்டார். முதல் தண்டு ஒரே சீராகச் சுழன்றாலும், இரண்டாவது தண்டு ஒரு சுற்றுக்குள் இருமுறை முந்துகிறது, இருமுறை பிந்துகிறது என்று கண்டார். 'எப்போது' என்ற கேள்வியின் முதல் அறுவடை இதுவே.

எவ்வளவு முந்துகிறது, பிந்துகிறது என்பது தண்டுகளின் சாய்வைப் பொறுத்தது. சாய்வு 10 பாகையாயின் இரண்டாம் தண்டின் வேகம் நூற்றுக்கு 98.5 முதல் 101.5 வரை ஊசலாடும். கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு. சாய்வு 30 பாகையாயின் 86.6 முதல் 115.5 வரை சென்றுவிடும். விரைந்து சுழலும் எந்திரம் இதைப் பொறுத்துக்கொள்வது கடினம்.

சுவையான செய்தி என்னவென்றால், ஹூக் இதைக் குறையாக மட்டும் கருதவில்லை. சூரியக் கடிகாரத்தின் கிடைப்பலகையில் நிழல் ஒரே சீராக நகர்வதில்லை. நண்பகலை ஒட்டி மணிக்கோடுகள் நெருங்கியும், காலை மாலைப் பொழுதுகளில் விலகியும் இருக்கும். இந்த ஒழுங்கின்மையும் சிலுவை மூட்டின் ஒழுங்கின்மையும் ஒரே கணித வாய்பாட்டில் அடங்குபவை. ஆகவே சீராகச் சுழலும் ஒரு தண்டைக் கொண்டு, மூட்டை உரிய கோணத்தில் சாய்த்து, நிழலின் நகர்வை அப்படியே பின்பற்றச் செய்யலாம் என்று அவர் காட்டினார். 1676இல் வெளியான தம் கருவிகள் பற்றிய நூலில் இதற்கு 'யுனிவர்சல் ஜாயிண்ட்' என்ற பெயரையும் வழங்கினார். இன்று உலகெங்கும் மெக்கானிக்குகள் 'யூ ஜாயிண்ட்' என்பது அப்பெயரின் குறுக்கமே.

முள்ளை முள்ளால் எடுத்தல்

குறையைக் கண்டவரே தீர்வையும் சொன்னார். ஒரு மூட்டுக்குப் பதில் இரு மூட்டுகள். முதல் மூட்டு எந்த நொடியில் முந்துகிறதோ, அதே நொடியில் இரண்டாவது அதே அளவு பிந்துமாறு பொருத்தினால், இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துவிடும். முள்ளை முள்ளால் எடுக்கும் முறை!

இதற்கு நிபந்தனைகள் இரண்டு. ஒன்று, இரு மூட்டுகளின் சாய்வும் சமமாக இருத்தல் வேண்டும். இரண்டு, நடுத்தண்டின் இரு முனைகளிலும் உள்ள கவட்டைகள் ஒரே தளத்தில் அமைதல் வேண்டும். இவற்றுள் ஒன்று பிழைத்தாலும் தீர்வே நோயாகிவிடும். ஒன்றையொன்று தீர்க்கவேண்டிய இரு குறைகளும் முழுதும் தீராமல் எஞ்சும்; கவட்டைகளின் தளம் பிழைத்தால் கூடிப் பெருகவும் கூடும்.

லாரிப் பட்டறைகளில் அனுபவமிக்க மெக்கானிக்குகள் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றுமுன் உளியால் ஒரு சிறு குறி இடுவதைக் காணலாம். நீளம் கூடிக் குறையும் பல்வரி அமைப்பில் தண்டு இரு துண்டாகப் பிரியும். திரும்பப் பொருத்தும்போது ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டால்கூடக் கவட்டைகளின் தளம் மாறிவிடும். புதிய கிராஸ், புதிய பேரிங் எல்லாம் போட்டும் வண்டி முன்னைவிட அதிகமாக உதறுகிறது என்று வாடிக்கையாளர் திரும்பி வருவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. உளிக்குறி இடும் அந்தக் கை, ஹூக் வகுத்த நிபந்தனையைத்தான் அறிந்தோ அறியாமலோ காத்து நிற்கிறது.

சங்கிலியிலிருந்து தண்டுக்கு

ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் இம்மூட்டு கருவிகளிலும் ஆலைகளிலும் ஒதுங்கிக் கிடந்தது. 1841இல் ஆங்கில அறிஞர் ராபர்ட் வில்லிஸ் இதன் இயக்கத்தை மீண்டும் ஆராய்ந்தார். 1881இல் அமெரிக்காவின் மிச்சிகன் காடுகளில் மரத்தொழில் செய்த எஃப்ரைம் ஷே, மரங்களை இழுக்கும் தம் நீராவி எஞ்சினுக்குப் பெற்ற காப்புரிமையில் இம்மூட்டுகளைப் பயன்படுத்தினார். வளைந்து நெளிந்த காட்டுத் தண்டவாளத்தில் எல்லாச் சக்கரங்களுக்கும் விசையைக் கொண்டுசெல்ல அது உதவிற்று.

தொடக்ககாலக் கார்கள் பலவும் மிதிவண்டியைப் போலச் சங்கிலியாலோ, ஆலை எந்திரத்தைப் போலத் தோல்வாராலோ இயங்கின. 1898இல் இருபத்தொரு வயது இளைஞர் லூயி ரெனோ, பாரிசை ஒட்டித் தாம் உருவாக்கிய சிறு காரில் சங்கிலியை விடுத்துச் சிலுவை மூட்டுகள் கொண்ட தண்டைப் பொருத்தினார். அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் முன்னிரவில் மோன்மார்த்தரின் செங்குத்தான லெப்பிக் தெருவில் அதை ஏற்றிக் காட்டினார். பார்த்தவர்கள் அன்றே முன்பதிவு செய்தனர். மேட்டில் ஏறும்போதுதான் காரின் உண்மை வெளிப்படும் என்பதை அவரும் அறிந்திருந்தார் போலும்!

எனினும் அக்கால மூட்டுகள் திறந்தவெளியில் புழுதியிலும் சேற்றிலும் சுழன்றன. எண்ணெய் வடிந்து, மண் புகுந்து, விரைவில் தேய்ந்தன. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த கிளாரன்ஸ் ஸ்பைசர், மூட்டை உறையிட்டு மூடி, உள்ளே மசகை நிறுத்திவைக்கும் அமைப்பை உருவாக்கி 1903இல் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டே நியூ ஜெர்சியில் உற்பத்தியைத் தொடங்கினார். பின்னாளில் டானா எனும் பெருநிறுவனமாக வளர்ந்தது அதுவே. மூட்டின் ஆயுள் அதன் எஃகில் மட்டுமன்று, உறைக்குள் நிற்கும் மசகிலும் இருக்கிறது என்பது ஸ்பைசர் தந்த பாடம். நமது காரில் நேர்ந்த தீங்கும் அந்தப் பாடத்தை மறந்ததால் நேர்ந்ததே. அதைப் பின்னர்க் காண்போம்.

நம் நாட்டார் நன்கறிந்த அம்பாசடர் இத்தண்டு மரபில் வந்தது. 1950களின் பிற்பகுதியில் தொடங்கி 2014 வரை உற்பத்தியான அந்தக் காரில், என்ஜின் முன்னால், இயங்கும் சக்கரங்கள் பின்னால், இடையே நீண்ட தண்டும் சிலுவை மூட்டுகளும். நேர்விசைப் பல்லில் என்ஜின் நிமிடத்திற்கு 3000 சுற்றுச் சுழன்றால் தண்டும் அதே அளவு சுழலும். நொடிக்கு 50 சுற்று. சுற்றுக்கு இருமுறை என்பதால் நொடிக்கு 100 முறை முந்தலும் பிந்தலும்!

இங்கேதான் மிதிக்கும்போது உதறுவதன் முதற்காரணம் புலப்படும். பின்னச்சு ஸ்பிரிங் பட்டைகளின் மேல் அமர்ந்திருக்கிறது. ஆக்சிலேட்டரை அழுத்தியவுடன் சக்கரங்கள் தரையைப் பின்னுக்குத் தள்ள, அதன் எதிர்வினையாக அச்சின் மூக்குப்பகுதி மேல்நோக்கி எழும்பப் பார்க்கிறது. பட்டைகள் தளர்ந்திருந்தால் நன்றாகவே எழும்பிவிடும். உடனே பின்மூட்டின் சாய்வு மாறுகிறது. முன்மூட்டின் சாய்வோ மாறுவதில்லை. இரு சாய்வுகளும் சமமாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனை அந்த நொடியில் முறிகிறது. காலை எடுத்தால் அச்சு தன்னிடத்திற்குத் திரும்புகிறது, உதறல் நிற்கிறது. நின்ற வண்டியின் அடியில் படுத்து எவ்வளவு தேடினாலும் இக்குறை கண்ணில் படாது. ஏனெனில் நிற்கும்போது அந்தக் குறை அங்கே இல்லை.

முன்சக்கரச் சிக்கல்

என்ஜினையும் இயங்கும் சக்கரத்தையும் முன்புறத்திலேயே வைத்துவிட்டால் நீண்ட தண்டு வேண்டாம், உள்ளே இடம் மிகும், எடை குறையும். ஆனால் முன்சக்கரம் திரும்பவும் வேண்டுமே! திரும்பும்போது சாய்வு 30 பாகையையும் தாண்டும். அத்தகைய சாய்வில் தனியொரு சிலுவை மூட்டு என்ன பாடுபடுத்தும் என்பதை மேலே கண்டோம். திருப்பத்தில் மிதித்தால் ஸ்டியரிங் கையிலேயே துடிக்கும்.

பிரான்சில் ழான்-ஆல்பேர் கிரெகுவாரும் அவர் நண்பர் பியேர் ஃபெனாயும் 1926இல் 'டிராக்டா' எனும் சமவேக மூட்டை உருவாக்கினர். அது பொருத்திய காரை அடுத்த ஆண்டே லெ மான் பந்தயத்தில் ஓட்டிக் காட்டினர். ஏறத்தாழ அதே காலத்தில் ஃபோர்டு நிறுவனப் பொறியாளர் ஆல்ஃபிரெட் ஷெப்பா வேறொரு வழியைக் கண்டார். சிலுவைக்குப் பதில் ஆறு எஃகுக் குண்டுகள். உள்ளுருண்டையிலும் வெளிக்கிண்ணத்திலும் வெட்டிய வளைந்த பள்ளங்களில் அவை உருளும். அவற்றை ஒரு கூடு தாங்கி நிற்கும்.

இதன் நுட்பத்தை ஓர் உவமையால் விளக்கலாம். நிலைக்கண்ணாடியின் முன் நிற்பவர் கையை எவ்வேகத்தில் அசைத்தாலும் பிம்பமும் அதே வேகத்தில் அசைகிறது. இரு தண்டுகளுக்கு நடுவேயுள்ள கோணத்தைச் சரிபாதியாக வகுக்கும் ஒரு தளத்தைக் கண்ணாடியாகக் கொள்வோம். விசை கைமாறும் புள்ளிகள் எப்போதும் அத்தளத்திலேயே இருந்தால், ஒரு தண்டு மற்றதன் பிம்பமாகிவிடும். முந்தலும் இல்லை, பிந்தலும் இல்லை. ஷெப்பாவின் குண்டுகள் சாய்வு எவ்வளவு மாறினாலும் அந்தத் தளத்தைவிட்டு அகலுவதில்லை. ஹூக் குறையைக் குறையால் ஈடுசெய்தார். இவர்கள் குறை தோன்றவே இடமில்லாமல் செய்தனர்.

இரண்டாம் உலகப்போரின் ஜீப்புகளில் இத்தகைய மூட்டுகள் பெருமளவில் பயன்பட்டன. 1959இல் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த 'மினி' கார் வெளிவந்தபோது, ஷெப்பா வகை மூட்டு எளிய குடும்பங்களின் வீட்டு வாயிலுக்கு வந்து சேர்ந்தது. நம் நாட்டில் 1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவந்தபின் முன்சக்கர இயக்கமும் சமவேக மூட்டும் பரவலாயின. பட்டறைகளில் 'சி.வி. ஜாயிண்ட்' என்ற சொல்லும் புழக்கத்திற்கு வந்தது.

ஆனால் ஒரு சிக்கல் எஞ்சியிருந்தது. சக்கரம் மேடுபள்ளத்தில் ஏறி இறங்கும்போது தண்டின் நீளம் கூடிக் குறைய வேண்டும். சக்கரத்தை ஒட்டிய வெளிமூட்டு பெருஞ்சாய்வைத் தாங்கட்டும். என்ஜினை ஒட்டிய உள்மூட்டு நீளமாற்றத்தைத் தாங்கட்டும் என்று பணி பிரிந்தது. உள்மூட்டுக்குப் பிரான்சின் கிளென்சர் ஸ்பைசர் நிறுவனத்தைச் சேர்ந்த மிஷேல் ஓரேன் மூவுருளை மூட்டை உருவாக்கினார். மூன்று கைகள் கொண்ட ஒரு துண்டு. கை ஒவ்வொன்றிலும் ஓர் உருளை. வெளிக்கிண்ணத்தின் மூன்று நீள்பள்ளங்களில் அவை உள்ளும் புறமும் வழுக்கி ஓடும்.

நமது காரில் தேய்ந்திருந்தது இதுவே. உறையாக மாட்டியிருந்த இரப்பர் பூட் எப்போதோ கிழிந்திருக்கிறது. கிரீஸ் வெளியேறி மண் புகுந்துவிட்டது. உருளைகள் பள்ளத்தின் சுவரில் குழி தோண்டியிருந்தன. மெதுவாகச் செல்கையில் உருளைகள் எப்படியோ நழுவிக்கொண்டிருந்தன. மேட்டில் மிதிக்கும்போது விசை மிகுந்து, உருளைகள் சுவரோடு அழுந்தி, குழியில் சிக்கின. மிதித்தவுடன் காரின் முன்பகுதி சற்று உயர்வதால் மூட்டின் சாய்வும் கூடியது. வழுக்க இயலாத உருளைகள் தண்டை நீளவாட்டில் தள்ளின, இழுத்தன. தண்டு குறுக்குவாட்டில் கிடப்பதால் வண்டி இடமும் வலமும் உதறியது.

கணக்கும் பொருந்துகிறது. 45 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு 12.5 மீட்டர். நமது சிறு சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 1.7 மீட்டர். ஆக நொடிக்கு 7 சுற்றுக்குச் சற்று மேல். உருளைகள் மூன்றாதலால் நொடிக்கு 22 உதறல். இருக்கை நடுங்கியதும் பேனா உருண்டதும் இந்த எண்ணால்தான்.

என்ஜினின் பங்கு

உதறல் எல்லாவற்றுக்கும் மூட்டையே குற்றம் சொல்வதும் மூன்று பட்டறைகள் செய்த தவற்றையே வேறு வடிவில் செய்வதாகும். என்ஜினும் இயல்பிலேயே அதிரும் பொருள். 1931இல் கிறைஸ்லர் நிறுவனம் தன் பிளிமத் காரில் 'மிதக்கும் ஆற்றல்' என்ற பெயரில் ஒரு முறையைக் கொணர்ந்தது. என்ஜினைச் சட்டத்தோடு இறுக்கிப் பூட்டாமல், அதன் எடைமையம் வழியே செல்லும் அச்சில் இரப்பர்களின் மேல் அமர்த்தினர். என்ஜின் தன்போக்கில் அசையலாம், அசைவு உடலுக்கு எட்டாது. பிரான்சின் சிட்ரோயன் நிறுவனம் உரிமம் பெற்று 1932இல் இதை மேற்கொண்டு, நீரில் மிதக்கும் அன்னத்தை அதற்குச் சின்னமாக வைத்தது. இன்று நம் மெக்கானிக்குகள் 'மவுண்டிங்' என்பது இந்த இரப்பரின் வழித்தோன்றலே. அது கிழிந்தால் உதறல் எப்போது மிகுதியாகத் தெரியும்? வண்டி நிற்க, என்ஜின் மட்டும் மெதுவாக ஓடும்போது. அல்லது கிளட்சை விட்டுப் புறப்படும் முதல் நொடியில். நமது வண்டி சிக்னலில் நிற்கும்போது ஒருநாளும் நடுங்கியதில்லை. மவுண்டிங்கை மாற்றுமுன் அதை எவரும் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை.

வாசகர்க்குச் சில குறிப்புகள்

வரலாறு கூறுவதோடு நில்லாமல், அண்ணாச்சியிடமும் தேடலிலும் கற்றதைச் சுருக்கித் தருகிறோம்.

மிதித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி உதறி, 80 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கூடக்கூட வளர்ந்தால், சக்கரத்தின் சமநிலையை ஐயுறுக. சமநிலைக் குறையின் விசை வேகத்தின் வர்க்கத்தில் பெருகுவது. பிரேக் அழுத்தும்போது மட்டும் எனில் பிரேக் டிஸ்க். முழுவதும் திருப்பி மிதிக்கும்போது 'டக் டக்' என ஒலித்தால் வெளிமூட்டு. நேராகச் செல்கையில் மிதித்தால் வந்து, விட்டால் மறைந்தால் உள்மூட்டு. பின்சக்கர வண்டியாயின் கிராஸ், தண்டின் நடுபேரிங், ஸ்பிரிங் பட்டை ஆகியவை. பக்கவாட்டில் ஆடாமல் முன்னும் பின்னுமாக வெட்டி வெட்டி இழுத்தால், மூட்டைத் தொடுமுன் ஸ்பார்க் பிளக்கையும் காயிலையும் பார்க்கச் சொல்க.

ஐயம் நீங்காவிடில் எளிய சோதனை ஒன்று உண்டு. வெறிச்சோடிய சாலையில் ஒரே வேகத்தை இருவேறு கியரில் ஓட்டிப் பார்க்கலாம். கியர் மாறியதும் உதறலின் தாளம் மாறினால் காரணம் என்ஜின் பக்கம். மாறாவிடில் சக்கரத்தின் பக்கம். தாளத்தைக் கேட்கும் செவி இலக்கிய வாசகர்க்கு இல்லாமற்போகாது.

இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, பூட் கிழிந்தது தெரிந்தவுடன் அதை மாற்றிக் கிரீஸ் நிரப்பினால் செலவு சிறிது. மூட்டு தேயும்வரை விட்டால் பெரிது. இரண்டாவது, முற்றத் தேய்ந்த மூட்டு ஓடும்போதே பிரிந்துவிடலாம். பின்சக்கர வண்டியில் நீண்ட தண்டு கழன்று சாலையில் விழுந்தால் விளையும் தீங்கு சொல்லத் தரமன்று. ஆகவே உதறலோடு பழகிவிடுதல் ஆகாது.

முடிவாக

அண்ணாச்சி உள்மூட்டையும் பூட்டையும் மாற்றினார். மாற்றியபின் பட்டறை வாசலில் ஓட்டிப் பார்த்து வண்டியைக் கொடுத்துவிடவில்லை. "எங்க உதறுச்சோ அந்தப் பாலத்துக்கே போவோம் சார்" என்று உடன் வந்தார். அதே மேட்டில், அதே வேகத்தில், அழுத்தி மிதிக்கச் சொன்னார். வண்டி சலனமின்றி ஏறியது. நோய் வந்த நிலையிலேயே மருந்தையும் சோதிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

கார்டானோ, ஹூக், ஸ்பைசர், ஷெப்பா, ஓரேன் என்ற பெயர்கள் எவற்றையும் அவர் கேட்டறிந்தவரல்லர். ஷாட் போன்ற பேரறிஞர் கேளாமல் விட்டதும் ஹூக் கேட்டதுமான அந்த ஒரு கேள்வி மட்டும் அவரிடம் இருந்தது. அவர் அதை யாரிடம் கற்றார் என்று வினவினோம். சிறுவயதில் லாரிப் பட்டறையில் தம்மை வேலைக்குச் சேர்த்துக்கொண்டவர் கற்பித்தது என்றார். அவருடைய பெயர் எந்த நூலிலும் இராது.

தரகருக்கு வண்டி விற்பனைக்கில்லை என்று சொல்லியனுப்பினோம். மறுவாரம் தாயாரை அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் சென்றோம். பாலம் நெருங்கியபோது வழக்கம்போல் அவர் கைப்பிடியைப் பற்றினார். உச்சியைக் கடந்து இறங்கும்போது கண்ணாடியில் பார்த்தோம். கை மடியில் இருந்தது.